நம்ம ஆறுதான்

வேதியியல் தேர்வுக்கு முந்தின ராத்திரி
விடுதிக் கட்டிலில், போர்வைக்குள்
உள்ளங்கையளவு வெளிச்சம் வைத்திருந்தேன்.
அதில் லாகோஸ் பையன் ஒருவன்
வெள்ளை ஷூ போட்டு ஆடினான்.
என் வயதுதான்.
பல்கூட என்னுடையதைப் போலவே கோணல்.
அவனுக்கு நாற்பதாயிரம் இதயங்கள்.
எனக்கு மூன்று,
அதில் ஒன்று நானே போட்டது.

தள்ளத் தள்ள மணி இரண்டு.
புத்தகம் வயிற்றுக்கடியில்
சூடாகக் கிடந்தது, படிக்காமல்.

அப்போதுதான் அந்தக் குரல் சிக்கியது.
யாரோ ஒருத்தி, எந்த ஊரோ, எந்த வருஷமோ,
மூச்சு வாங்க ஹவுசாவில் சொல்கிறாள்:
துப்பாக்கியோடு வருகிறார்கள்,
ஆற்றைத் தாண்டிவிட்டார்கள்,
பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.
எந்த ஆறு என்று அவள் சொல்லவில்லை.

நான் சொன்னேன்.
கீழே இரண்டே வார்த்தை தட்டினேன்:
நம்ம ஆறுதான்.
பதினோரு பேருக்கு அனுப்பினேன்.
சத்தியமாகப் பதினோரு பேர்தான்.

விடியும் முன்னே அது
அத்தையிடமிருந்து எனக்கே திரும்பி வந்தது.
இப்போது இருநூறு பேர், பச்சை உடுப்பு,
முன்னால் வருகிறவனுக்கு ஒற்றைக் கண்.
படித்ததும் எனக்கே கை நடுங்கியது.

குர்மின் தாவா முழுக்க எஞ்சின் சத்தம்.
வந்தது அவர்கள் இல்லை, அப்பாக்கள்.
ஒரே வண்டியில் நான்கு பெண்கள்,
ஐந்தாவதாக ஒரு தகரப் பெட்டி.
லாதான் சார் மட்டும்
வினாத்தாள் கட்டை மார்போடு அணைத்து
கொடிமரத்தடியில் நின்றார்,
நூல்கூட அவிழ்க்கவில்லை.
தலாத்து வண்டியில் ஏறும்போது கத்தினாள்:
"சார், தேர்வு எப்போ?"
எல்லாரும் உயிருக்கு ஓடுகையில்
இப்படி ஒருத்தி.

இரண்டு வாரம் விடுமுறை என்றார்கள்.
எனக்கு அது போதும்.
முதல் நாள் நன்றாகத் தூங்கினேன்.

பதினேழாம் நாள் ராத்திரி
அவர்கள் வந்தார்கள்.
நிஜமாகவே. நம்ம ஆற்றைத் தாண்டியே.
காலியான விடுதியில்
ஜெனரேட்டரைத் தூக்கினார்கள், அரிசி மூட்டைகளைத் தூக்கினார்கள்,
காவலர் ஹருணாவைச் சுட்டார்கள்.
அவருக்குப் போன் கிடையாது.
எந்தச் செய்தியும் அவருக்குப் போனதில்லை,
பொய்யும்.

அன்றிலிருந்து தொழுகை முடிந்ததும்
அப்பா கையேந்துகிறார்,
அந்தக் குரலை அனுப்பினவன் நீடூழி வாழ.
வீடே ஆமீன் சொல்கிறது.
நானும் சொல்கிறேன், கொஞ்சம் பிந்தி.

பள்ளி திறக்கவில்லை.
ஹர்மட்டான் புழுதி இரண்டாம் முறை வந்து
கரும்பலகையை வெள்ளைப் பலகையாக்கியிருக்கும்.
லாதான் சார் கடூனாவில் தொப்பி விற்கிறாராம்.
தலாத்துவின் ஸ்டேட்டஸில் ஒருநாள்
மருதாணியிட்ட இரண்டு கை, முகம் இல்லை.
நகத்தோரம் மை படிந்திருந்த அதே விரல்கள்.
கணவன் ஊர் எல்லைக்கு அப்பால், வெங்காய வியாபாரி.
நான் ஒரு இதயம் போட்டேன்.
பிறகு எடுத்துவிட்டேன்.
பிறகு மறுபடி போட்டேன்.

போன மாதம் அரசாங்கமே
கோபுரங்களை அணைத்துவிட்டது,
அவர்கள் ஒருவரோடொருவர் பேசக்கூடாதென்று.
லாகோஸ் பையன் ஆடுவானோ என்னவோ.
இப்போது என் போன் ஒரு டார்ச் விளக்கு, அவ்வளவுதான்.

அந்த வெளிச்சத்தில்தான் நேற்று
பக்கத்தைத் திறந்தேன்.
இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்து துருவாகும்
சமன்பாடு.
இடப்பக்கம் போட்டால் வலப்பக்கம் இடிக்கிறது,
அழித்து அழித்துக் காகிதம் கிழிந்தது.
நாலு, மூணு, கடைசியில் ரெண்டு.
வந்துவிட்டது.
முன்பெஞ்சில் முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டு
தலாத்து அரை நிமிஷத்தில் போடுவாள்.

படம் எடுத்தேன், அவள் எண்ணுக்கு.
பாட்டரி ஆறு சதவீதம்.
கூரையில் ஏறி, கையை உயர்த்தி,
ஒரு காலில் நின்றும் பார்த்தேன்.
சின்ன வட்டம் ஒன்று
சுற்றிக்கொண்டே இருக்கிறது.